டர்பன் குடும்பத்தின் பூர்வீக ஊரைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: எங்கள் மருமகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய குடும்பப்பெயர் கவண்டர். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிச் சென்றவர் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. கவண்டர் என்பது கவுண்டர் என்பதன் திரிபு என்கிறார்கள். அப்படியானால் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் விசாரிக்கத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். பெயரைப் பிடித்துக்கொண்டு கொங்குநாட்டில் அலைந்தால், தவறான ஊரில் தவறான உறவினரைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் அபாயம் உண்டு. கவுண்டர் என்ற பட்டம் கொங்கு வேளாளருக்கு மட்டும் உரியதன்று. வட மாவட்டங்களில் வன்னியர் பலரும் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்குக் கப்பலேறியவர்களிலோ வட ஆற்காடு, செங்கல்பட்டு போன்ற மாவட்டத்தார் ஏராளம். மேலும், தந்தையின் பெயரையன்றிக் குடும்பப்பெயர் என ஒன்றை அறியாத நம் மக்கள், அந்நாட்டு நிர்வாகம் கேட்டபோது சமூகப் பட்டத்தையோ தாத்தாவின் பெயரையோ கொடுத்தார்கள். பிள்ளை, மூட்லி (முதலியார்), படையாச்சி, நாயுடு, பெருமாள், முனுசாமி எல்லாம் அங்கே குடும்பப்பெயர்களானது இப்படித்தான். ஆகவே டர்பனில் ஒரே பெயர் தாங்கிய இரு குடும்பங்கள் உறவினராக இருக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

நீங்கள் தேட வேண்டியது ஓர் எண்ணை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்ற சுமார் 1,52,000 பேருக்கும் ஆளுக்கொரு வரிசை எண் வழங்கப்பட்டது. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம், வேலைக்கு எடுத்த முதலாளி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். குடும்பப்பெயர் மாறியிருக்கலாம், எழுத்து சிதைந்திருக்கலாம். எண் அப்படியேதான் இருக்கும்.

எண்ணைத் தேடும் வேலை மருமகளின் வீட்டு அலமாரியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் வழங்கிய பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெற்றோரின் எண் குறிக்கப்படுவது வழக்கம். அவை கிடைக்காவிட்டால் தாத்தா, பாட்டியரின் மரண அறிவிப்புகளைத் தேடச் சொல்லுங்கள். இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரைக் குறிக்கும் இந்தப் படிவம் சொத்துக் கோப்புடன் இணைந்திருக்கும். நேட்டால் பகுதியின் பழைய சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரை இட்டுக் கோப்பு எண்ணைப் பெறலாம். ஒவ்வொரு தலைமுறையையும் சான்றுடன் உறுதி செய்துகொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள். ஒரு தலைமுறையைத் தாவினால்கூட வேறொருவருடைய முன்னோரிடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். கப்பல் பதிவேடுகளுக்கு டர்பனிலுள்ள குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தை அணுகலாம்.

பதிவேட்டில் பெயரைத் தேடும்போது காதால் படியுங்கள். தமிழறியாத எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார்கள் என்பதால், குப்புசாமியின் முதலெழுத்து ஆங்கிலத்தில் 'சி' ஆகவும் இருக்கும், 'கே' ஆகவும் இருக்கும். உரிய பதிவு கிடைத்ததும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கட்டாயம் பாருங்கள். மனைவி, குழந்தைகள், தம்பி, அதே ஊர்க்காரர் ஆகியோர் அடுத்தடுத்த எண்களில் வருவதுண்டு. குடும்பத்தின் உண்மையான உருவம் பல நேரங்களில் அங்கேதான் தெரியவரும். சாதி என்ற கட்டத்தை மட்டும் எச்சரிக்கையுடன் கொள்ளுங்கள். கப்பலேறும்போது சொன்னதும் பின்னாளில் பூண்ட பட்டமும் பொருந்தாத குடும்பங்கள் உண்டு; அதை இன்று தோண்டித் துருவுவதால் யாருக்கும் நன்மையில்லை.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகும் அவசரம் கூடாது. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் தாலுகாவே தீர்மானிக்கும் சான்று. 1911க்கு முந்தைய வட ஆற்காட்டில் இன்றைய ஆந்திரத்தின் சித்தூரும் அடங்கும். அன்றைய சேலம் மாவட்டத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகள் அடங்கும். பழைய தாலுகா எல்லைகளை அக்கால மாவட்டக் கையேடுகளில் காணலாம்; எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவை கிடைக்கும். பட்டா, அடங்கல் ஆகியவற்றில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். நிலமில்லாமல் கூலிக்குப் போனவரின் பெயர் அவற்றில் இடம்பெற வழியில்லை.

ஊரில் உறவினரைத் தேடும்போது எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுவது குலதெய்வம். மருமகளின் பாட்டியிடம், அவர் இருந்தால் இன்றே, வீட்டில் எந்தத் தெய்வத்துக்குப் படையல் இடுகிறார்கள், எந்த மாதத்தில், என்ன படைக்கிறார்கள், முதல் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது வழக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கிராமத்தில் அதே தெய்வத்தைக் கும்பிடும் பங்காளி வகையறாவைப் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் காட்டிவிடுவார்கள். அதன் பிறகு மரபணுப் பரிசோதனை செய்வது பொருளுள்ளது. இரு தரப்பிலும் ஒருவர் மாதிரி கொடுத்தால் உறவுக்குக் கூடுதல் வலுச் சேரும். தொடக்கத்திலேயே செய்தால் அது ஊரைக் காட்டாது.

ஒருவேளை எந்தச் சான்றிலும் எண்ணே தென்படாவிட்டால், கொள்ளுத்தாத்தா சொந்தச் செலவில் சென்ற பயணியாகவும் இருந்திருக்கலாம். அத்தகையோர் கூலிப் பதிவேட்டில் வரமாட்டார்கள். குடிவரவு, வணிக உரிமக் கோப்புகளில் தேட வேண்டியிருக்கும்.