வாசகர் கேள்விகள்: இருண்ட தொடரின் இறுதி நூல்

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகள், பிலிப் புல்மன் எழுதிய ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ தொடரின் மூன்றாம் நூலான ‘தி அம்பர் ஸ்பைகிளாஸ்’ஸை முடித்த நாளிலிருந்து எவருடனும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவளிடம் வாங்கி நானும் வாசித்தேன். இவ்வளவு துன்பத்தைத் தாண்டி வந்த இரு பிள்ளைகளை இறுதியில் நிரந்தரமாகப் பிரித்துவிடுவது எழுத்தாளரின் கொடுமை அல்லவா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது, நூலை இனிமேல் வாசிக்க இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடலாம்.

கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். இருண்ட தொடர் ஒன்றின் கடைசி நூலை மதிப்பிடும்போது, தலைவனும் தலைவியும் சேர்ந்தார்களா என்பதைவிட, அதுவரை கதையில் செத்துப்போனவர்களுக்கு அந்நூல் என்ன செய்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 1995இல் வெளிவந்த முதல் நூலின் இறுதியில் ரொஜர் என்ற சமையலறைச் சிறுவன் கொல்லப்படுகிறான். அவனைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, கொல்லப்போகிறவரிடமே கூட்டிச் சென்றவள் அவனுடைய தோழி லைரா. இத்தகைய மரணங்களைப் பல தொடர்கள் அடுத்த பாகத்திலேயே மறந்துவிடும். 2000இல் வெளிவந்த இந்த மூன்றாம் நூலிலோ, ரொஜரிடம் மன்னிப்புக் கேட்பதற்காக லைரா, வேறோர் உலகத்தைச் சேர்ந்த வில் என்ற சிறுவனுடன் இறந்தோர் உலகத்துக்கே இறங்கிப் போகிறாள்.

அங்கு செல்லும் படகில் டீமனுக்கு இடமில்லை. லைராவின் உலகில் ஒவ்வொருவருக்கும் உடலுக்கு வெளியே, விலங்குருவில் கூடவே வாழும் ஆன்மாதான் டீமன். அதைக் கரையில் விட்டுவிட்டு அவள் படகேறும் பக்கங்கள்தாம் தொடர் முழுவதிலும் வாசிக்க மிகக் கடினமானவை. என்னைக் கேட்டால், உங்கள் மகளை வாட்டும் அந்தப் பிரிவைவிடவும் கடினமானவை. மறுகரையில் ஹார்ப்பிகள் என்னும் பெண்முகப் பறவைகள் காவல் நிற்கின்றன. லைரா வழக்கம்போல் ஒரு பொய்க்கதையை அவிழ்த்துவிட, அவற்றுள் ஒன்று அவளைப் பொய்க்காரி என்று அலறியபடி பாய்ந்து தாக்குகிறது. பின்னர் அவள் ஒக்ஸ்போர்ட்டின் களிமண் நிலத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சண்டை பிடித்ததை நடந்தது நடந்தபடி சொல்லும்போது, அதே பறவைகள் ஆடாமல் அசையாமல் இருந்து கேட்கின்றன. இதிலிருந்து ஓர் உடன்பாடு பிறக்கிறது: இறந்து வருகிறவர் தம் வாழ்வை உண்மையாகச் சொல்ல வேண்டும், அதற்குக் கைம்மாறாகப் பறவைகள் அவருக்கு வெளியுலகு வரை வழிகாட்ட வேண்டும். உலகங்களுக்கிடையே வாயில் திறக்கவல்ல தன் கத்தியால் வில் வெட்டித் திறந்த வாயிலின் ஊடாக முதலில் வெளியேறி, சிரித்தபடியே இரவுக் காற்றில் கரைந்துபோகிறவன் ரொஜர்.

பிரிவுக்கான காரணமும் இந்த வாயிலில்தான் இருக்கிறது. உலகங்களுக்கிடையே திறந்து கிடக்கும் வாயில்கள் வழியே, உணர்வுள்ள உயிர்களுக்கு ஆதாரமான ‘தூசி’ கசிந்து போவதால் அவற்றை மூடியே ஆக வேண்டும். ஒருவர் மற்றவரின் உலகில் போய்த் தங்கினால் பத்தாண்டளவில் நலிந்து இறப்பார். ஒரேயொரு வாயிலை மாத்திரம் விட்டுவைக்கலாம் என்று தெரிந்ததும், அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாமல் இறந்தோருக்கு விட்டுக்கொடுப்பவர்கள் லைராவும் வில்லும்தான். ஆண்டுதோறும் நடுக்கோடை நாள் நண்பகலில், தத்தம் உலகத்து ஒக்ஸ்போர்ட் தாவரவியல் பூங்காவில், அதே இடத்து வாங்கில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதென்ற உறுதிமொழி மட்டுமே அவர்களுக்கு மிஞ்சுகிறது.

எங்கள் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் கண்ணகி கதையான வழக்குரையைப் படிப்பவர்கள், மதுரை எரிந்ததோடு ஏட்டைக் கட்டிவைத்துவிடுவதில்லை. குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தை ஆற்றிய பிறகே சனம் வீடு திரும்பும். புல்மனின் நூலில் அந்த வேலையைச் செய்வது இறந்தோர் உலக அத்தியாயங்கள்தாம். ஆகவே மகளிடம் பேச்சைப் பிரிவிலிருந்து தொடங்காமல் ரொஜரிலிருந்து தொடங்கிப் பாருங்கள். போரிலோ 2004 ஆழிப்பேரலையிலோ ஆளை இழக்காத வீடு அரிதாகிப்போன இந்தக் கரையோரத்தில், இறந்தவரின் கதையை இருந்து கேட்பதற்கு அங்கே எவரோ உண்டு என்ற கற்பனை பிள்ளைகளை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: இத்தொடரின் முதற்கதையை 2007இல் வந்த ‘தி கோல்டன் கொம்பஸ்’ திரைப்படத்தில் பார்த்துவிட்டேன். நேரடியாக மூன்றாம் நூலுக்குப் போகலாமா?
– ஒரு மாணவர், கல்முனை

பதில்: வேண்டாம். முதல் நூலின் கடைசி அத்தியாயங்களை அந்தப் படம் விட்டுவிட்டது. அதில் ரொஜர் உயிரோடுதான் இருக்கிறான். அவன் சாகாவிட்டால் மூன்றாம் நூலில் லைரா எதற்காக அவ்வளவு தூரம் போகிறாள்? வில்லும் அவனது கத்தியும் கதைக்குள் வருவது 1997இல் வெளியான இரண்டாம் நூலில். 2019 முதல் 2022 வரை மூன்று பருவங்களாக வந்த தொலைக்காட்சித் தொடர் இறுதி நூல் வரை செல்கிறது என்றாலும், வாசித்த பிறகே அதைப் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: விருது பெற்றது என்று சொல்லி இந்நூலை ஒரு பாடசாலை நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். இதில் கடவுள் சாகிறார் என்று என் வகுப்புப் பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். வாசிக்க விடலாமா?
– மறைக்கல்வி ஆசிரியை, தாண்டவன்வெளி, மட்டக்களப்பு

பதில்: விருது பெற்றது உண்மையே. 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் என்ற பிரித்தானிய இலக்கியப் பரிசில் ஆண்டின் சிறந்த நூலாகத் தெரிவான முதலாவது சிறுவர் நூல் இதுதான். புல்மன் திருச்சபை அதிகாரத்தைக் கடுமையாகச் சாடுகிறார் என்பதும் உண்மை. அதை மூடிமறைத்துப் பயனில்லை. ஆனால் கதையில் சாகிறவர், தாமே உலகைப் படைத்ததாகப் பொய் சொல்லி ஆட்சிக்கு வந்த ஒரு மூத்த வானதூதர். தளர்ந்து, பளிங்குப் பல்லக்கினுள் அடைபட்டு அழுதுகொண்டிருக்கும் அந்தக் கிழவரை லைராவும் வில்லும் இரக்கப்பட்டு வெளியே எடுக்க, அவர் காற்றில் கரைந்துவிடுகிறார். 2004இல் கண்டர்பரிப் பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ், இத்தொடரைச் சமயபாட வகுப்புகளிலேயே எடுத்து ஆராயலாம் என்று கூறியிருந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைத் தனியே கொடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை. சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் என்றால் தடுக்காதீர்கள். அந்த அத்தியாயத்தை முதலில் நீங்கள் வாசித்துவிட்டு, கிழவர் மீது பிள்ளைகள் இருவரும் ஏன் இரக்கப்பட்டார்கள் என்று வகுப்பில் கேளுங்கள்.