வாசகர் கேள்வி – பதில்: அப்பாவுக்குத் தெரியாமல் ஆடும் பெண்ணின் கதை

கேள்வி: என் மகள் நான்காம் படிவத்தில் பயில்கிறாள். பள்ளிக் காற்பந்துக் குழுவில் சேருமாறு ஆசிரியை அழைத்திருக்கிறார். பெண்பிள்ளையின் உடம்புக்கு அந்த ஆட்டம் ஆகாது என்று என் கணவர் மறுக்கிறார். பயிற்சி முடிந்து எப்படி வீடு திரும்புவாள் என்றும் அஞ்சுகிறார். இதற்கிடையே ‘ஃபூரியா’ என்ற ஆங்கில நாவலைத் தோழியிடம் வாங்கிப் படித்தாள். பெற்றோருக்குத் தெரியாமல் பந்தாடும் பெண்ணின் கதையாம். அது பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் என்று அவர் வாங்கி வைத்துவிட்டார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பிறந்து வளர்ந்த யமிலே சையத் மெண்டெஸ் எழுதி 2020-இல் வெளிவந்தது. அதன் நாயகி கமிலாவின் சகோதரனும் பந்தாடுபவன்தான். அவனுடைய கால்களை நம்பிக் குடும்பத்தின் எதிர்காலத்தையே தந்தை கணக்கிட்டு வைத்திருக்கிறார். மகளோ, அதே ஆட்டத்தை ஒளித்து ஆட வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அடி விழும் வீட்டில்தான் அவளுக்குப் பொய் தேவைப்படுகிறது என்பதை ஆசிரியர் பக்கத்துக்குப் பக்கம் உணர்த்துகிறார். உங்கள் மகள் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஆசிரியை அழைத்ததை அவளே வந்து சொல்லியிருக்கிறாள் என்றால், அந்த நேர்மையைக் காப்பது இப்போது உங்கள் இருவர் கையில் இருக்கிறது.

உடம்புக்கு ஆகாது என்ற சொல் நம்மிடம் பிறந்ததன்று. 1920 டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூலில் ஒரு மகளிர் ஆட்டத்தைக் காண ஏறக்குறைய 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறித் தன் உறுப்புக் குழுக்களின் திடல்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அந்தத் தடை நீங்க 50 ஆண்டுகள் ஆயின. பிரேசிலிலும் 1941 முதல் 1979 வரை தடை இருந்தது. மலேசிய மகளிரோ 1975-இலேயே ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியில் ஆடியிருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? விடியுமுன் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் ரப்பர் மரம் சீவி, வாளி நிறையப் பாலைச் சுமந்து வந்த நம் பாட்டிமாரின் உடம்பைப் பற்றித் தோட்டத்தில் யார் கவலைப்பட்டார்கள்? உங்கள் கணவரின் தாயாரோ பாட்டியோ அப்படி உழைத்தவராக இருந்தால், அவரை நினைவூட்டிப் பேசுங்கள். என் கட்டுரையைவிட அது அவர் மனத்தில் தைக்கும்.

நாவலில் குடும்ப வன்முறை வரும் பகுதிகள் கனமானவை. ஆகவே புத்தகத்தை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் படிக்கப் படிக்க நீங்களும் கேட்டுப் பேசுங்கள்.

உங்கள் கணவருடைய அச்சத்தில் ஒன்று மட்டும் எனக்கும் நியாயமாகப் படுகிறது. பயிற்சி முடியும் நேரத்தில் தோட்டத்துப் பக்கம் பேருந்து கிடைப்பது அரிது. எந்த நாட்களில், எத்தனை மணி வரை பயிற்சி என்று ஆசிரியையிடம் கேட்டறிந்து, அழைத்துவரும் பொறுப்பைக் கணவரிடமே கொடுங்கள். சற்று முன்னதாகவே போய்த் திடலோரம் நிற்கச் சொல்லுங்கள். மகள் ஆடுவதை அவர் இன்னும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.