ஆறு மாதமாகக் காலடி வரிசை, சண்டை எப்போது?

கேள்வி: என் மகன் ஆறு மாதமாகத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சிலம்பம் கற்கிறான். இதுவரை எதிரில் ஆளை நிறுத்திக் கம்பு வீசச் சொல்லவேயில்லை. வெறும் காலடி வரிசையும் தனி வீச்சும்தான். பக்கத்து வீட்டுப் பையனோ குத்துச்சண்டையில் சேர்ந்த இரண்டாம் மாதமே கையுறை மாட்டி மோதுகிறான். காற்றோடு சண்டை போடுவதற்கா நான் பணம் கட்டுகிறேன்?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: பக்கத்து வீட்டுப் பையனின் வகுப்பை ஒரு நாள் முழுதாக நின்று பார்த்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதியை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். குத்துச்சண்டை பழகுகிறவர்களும் கண்ணாடி முன் நின்று வெறுங்காற்றைத்தான் குத்துகிறார்கள். அதற்கு ஷேடோ பாக்சிங் என்று பெயர் இருப்பதால் அது பயிற்சியாகவும், நம்மூர் வரிசை வெட்டிவேலையாகவும் தெரிகிறது போலும்.

நெற்றி உயர மூங்கில் மணிக்கட்டில் சுழலும்போது கால் முந்தினாலோ பிந்தினாலோ, அதைச் சுட்டிக்காட்ட எதிராளி தேவையில்லை. வீசுகிறவனின் முழங்காலையோ காதோரத்தையோ அவன் கம்பே பதம் பார்த்துவிடும். கையும் இடுப்பும் காலும் ஒரே கணக்கில் வருவதற்கு முன் எதிரில் ஆளை நிறுத்தினால், பையன் கண்ணை மூடிக்கொண்டு விளாசுவான், விரலில் அடி வாங்குவான், மறுவாரம் வரமாட்டான். உங்களுக்குக் கடற்கரை என்ற வசதி வேறு இருக்கிறது. அலை தொட்டுப்போன ஈர மணலில் அவனை வரிசை போடச் சொல்லி, முடித்ததும் தடத்தைப் பாருங்கள்: முன்வைத்த கால், பின்வாங்கிய கால், திரும்பிய இடத்தில் முன்பாதம் துருவிய குழி என எல்லாம் பதிந்திருக்கும். இரண்டாம் முறை போட்டபோதும் தடம் அதே இடங்களில் விழுந்திருந்தால் உங்கள் பணம் வீணாகவில்லை.

சங்கீதத்தில் சரளி வரிசை, சண்டையில் காலடி வரிசை என்று இரண்டுக்கும் நம்மவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள்; கச்சேரியில் யாரும் சரளி வரிசை பாடுவதில்லை என்பதற்காக அதை வீண் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் இந்த ஒப்புமை பாதிதூரம்தான் வரும். பாடகரை இடையில் புகுந்து அடிக்க யாரும் காத்திருப்பதில்லை. எட்டும் தூரம் எது, எந்தக் கணத்தில் விலகுவது, அடி வரும்போது கண் இமைக்காமல் இருப்பது எப்படி என்பதை எதிரில் ஆள் இல்லாமல் எந்த வரிசையும் கற்றுத்தராது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றபோது கட்டா என்னும் தனி வரிசைக்கும் குமித்தே என்னும் மோதலுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன; சிலம்பப் போட்டிகளிலும் தனித்திறமை ஒரு பிரிவு, எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறை வேறு பிரிவு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வரிசை, ஆசானுக்கும் வசதியானது. இடோசு ஆங்கோ என்ற ஆசான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவாத் தீவுப் பள்ளிக்கூடங்களுக்குக் கராத்தேயைக் கொண்டுசென்றபோது பிள்ளைகளுக்காக ஐந்து எளிய கட்டாக்களை வகுத்தார். ஒருவர் எண்ணிக்கை சொல்ல, பெருங்கூட்டம் ஒன்றாகப் பழகலாம். அந்த வசதியே சோம்பலாக மாறுவதும் உண்டு. என்னைக் கேட்டால், எதிரெதிர் நின்று மெதுவாக அடித்துத் தடுக்கும் பயிற்சியைத் தொடங்க ஆறு மாதம் காத்திருப்பது சற்று அதிகம்தான்.

ஆகவே ஆசானிடம் பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வரிசையில் ஏதேனும் ஒரு காலடியைக் காட்டி, இது எந்த அடிக்கு விலகுவது என்று பணிவாகக் கேளுங்கள். அவர் ஒரு மூத்த மாணவனைக் கம்போடு எதிரில் நிறுத்திச் செய்து காட்டினால், அடுத்த மாதக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள். 'அதெல்லாம் பரம்பரையாக வருவது' என்று மட்டும் சொன்னால், வேறு ஆசானைத் தேடுங்கள்.