கொலைகாரன் பெயர் தெரிந்த பிறகும் பார்க்கலாமா?

கேள்வி: 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற கொரியப் படத்தைப் பார்த்தே ஆகணும் என்று தம்பி ஆறு மாதமாக நச்சரிக்கிறான். கடைசிவரை கொலைகாரன் சிக்காத உண்மைக் கதையாம். ஆனால் நிஜத்தில் அந்த ஆள் யார் என்று தெரிந்துவிட்டதாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். விடை தெரிந்த த்ரில்லரில் என்ன மிச்சம்? ரத்தம் பார்த்தால் எனக்குத் தூக்கமும் வராது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தம்பி பேச்சைக் கேளுங்கள். விடை தெரியாத காலத்தில் ஒரு முறை, தெரிந்த பிறகு ஒரு முறை பார்த்தவன் நான். இரண்டாவது தடவைதான் வயிற்றைப் பிசைந்தது.

சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள், எல்லோரும் பெண்கள். இயக்குநர் பாங் ஜூன்-ஹோ 2003-ல் இதைப் படமாக்கியபோது வழக்கு அந்தரத்தில் நின்றது. 2019-ல் பழைய தடயங்களை மறுபடி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியதில் லீ சுன்-ஜே அகப்பட்டான். மனைவியின் தங்கையை 1994-ல் கொன்றதற்காக ஏற்கெனவே ஆயுள் கைதி. ஹ்வாசோங் கொலைகளுக்கு வழக்குப் போடும் காலக்கெடு 2006-லேயே தீர்ந்துபோனதால் அவற்றுக்குத் தண்டனை கிடையாது.

படத்தின் கடைசி ஷாட்டில், துப்பறியும் போலீஸ்காரராக வரும் நடிகர் சோங் காங்-ஹோ நேராக கேமராவைப் பார்ப்பார். (சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.) கொலைகாரன் தியேட்டரில் உட்கார்ந்திருந்தால் அவன் கண்ணோடு கண் பார்க்கட்டும் என்று இயக்குநர் வைத்தது. அவனோ ஜெயிலில் இருந்தான். அங்கேயே படத்தைப் பார்த்தானாம். சும்மா ஒரு படமாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020-ல் கோர்ட்டில் சொன்னான்.

அவனை விடுங்கள், போலீஸைக் கவனியுங்கள். வயலோரம் ஒரு காலடித் தடம் கிடைக்கும். கத்தக் கத்த டிராக்டர் அதன்மேல் ஏறிப் போய்விடும். பிறகு மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனைப் பிடித்து, அவன் ஷூவை மண்ணில் அழுத்தித் தடத்தை இவர்களே 'தயாரிப்பார்கள்'. உதைக்கிற போலீஸ்காரர் பூட்ஸ்மேல் துணி உறை மாட்டிக்கொள்வார், காயம் தெரியக்கூடாதே! அடித்த கையோடு அந்தப் பையனுக்கு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, எல்லோருமாக உட்கார்ந்து டிவியில் போலீஸ் சீரியல் பார்ப்பார்கள். முதல் தடவை இதற்கெல்லாம் சிரித்தேன்.

நிஜத்தில், 1988-ல் நடந்த எட்டாவது கொலைக்கு ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். தூங்கவிடாமல் விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஆயுள் தண்டனை. படம் தியேட்டரில் ஓடி ஊரே சிரித்த நாட்களில் அவர் உள்ளேதான் இருந்தார். இருபது வருஷம் போன பிறகு, 2009-ல் பரோலில் வந்தார். அந்தக் கொலையும் என்னுடையதுதான் என்று லீ ஒப்புக்கொண்ட பின், 2020 டிசம்பரில்தான் நிரபராதி என்று தீர்ப்பானது.

ரத்தம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பிணங்களைக் காட்டுவார்கள்; பள்ளி மாணவி வரும் பகுதி ரொம்பக் கஷ்டம். பகலில் பாருங்கள், மழை நாளில் வேண்டாம்.

ஒன்று மட்டும் காத்திருந்து பாருங்கள். கொட்டும் மழையில், ரயில் சுரங்கத்தின் வாசலில், சந்தேகப்படும் ஆளின் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, சோங் காங்-ஹோ ஒரு கேள்வி கேட்பார். சப்டைட்டிலில் சப்பென்று இருக்கும். கொரிய மொழியில் அது, "சோறாவது ஒழுங்கா சாப்பிடுறியா?" நம்மைப் போலவே அங்கேயும் நலம் விசாரிப்பது சாப்பாட்டைக் கேட்டுத்தான். தம்பிக்கு இது தெரிந்திருக்காது, சொல்லுங்கள்.