சாயம் இல்லாமல் கம்மலில் நீலம் வருமா?

கேள்வி: கொடைக்கானலில் வெள்ளிக் கம்பியில் கம்மல் செய்து விற்கிறேன். தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்தில் பாரிஸ் பீகாக் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்ததிலிருந்து அதன் பின்சிறகு நீலத்தை உலோகத்தில் கொண்டுவர ஆசை. பெயின்ட் அடித்தால் மழைக்காலத்தில் உரிந்துவிடுகிறது. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் வெள்ளியில் நடக்காது; டைட்டானியம் கம்பி வாங்குங்கள். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காதுக்கும் அது பொதுவாக நல்லது.

நீங்கள் பார்த்த நீலம் சாயமே இல்லை. சிறகின் செதில்களுக்குள் மெல்லிய அடுக்குகளும் இடையிடையே காற்றும் இருக்கின்றன. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் ஒன்றோடொன்று கைகோத்து வலுக்கும், மற்ற நிறங்கள் மங்கும். கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சும்போது டைட்டானியத்தின் மேல் வளரும் மெல்லிய ஆக்சைடு படலமும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் தடிமனை மின்னழுத்தம் தீர்மானிக்கும்: 1 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 2 நானோமீட்டர்.

9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட். நீலத்துக்கு அது போதும். ஒன்று வெளிர் பொன்னிறம் தரும், இரண்டு ஊதாவை ஒட்டி வரும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரையுங்கள். உப்பு போடவே கூடாது, குளோரின் வாயு வரும். கம்மலை வளைத்து முடித்து, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, சோப்பில் கழுவிய பிறகு பிளஸ் முனையில் மாட்டுங்கள். மைனஸ் முனைக்கு எவர்சில்வர் கரண்டி போதும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கவ்வியின் செம்பு கரைசலில் நனைந்தால் அதுதான் அரிக்குமே தவிர, கம்மலில் நிறம் ஏறாது. கரண்டியில் ஹைட்ரஜன் குமிழி வரும், குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். பச்சை நிறத்துக்கு 100 வோல்ட் அளவு வேண்டும். ஈரத் தரையில் அதை வீட்டில் முயலாதீர்கள். வீட்டுக் கரண்டை எக்காரணம் கொண்டும் நேரடியாக இணைக்காதீர்கள். சிவப்பு இந்த முறையில் கிடைக்காது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: சிறகின் அந்த மினுக்கு வராது. அங்கே பல அடுக்கு, இங்கே ஒன்றே ஒன்று. அதை எட்டத்தான் ஆய்வகங்களில் உலோகத்தின் மேல் நுண்ணிய வரிகளைப் பொறிக்கிறார்கள். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2008இல் லேசரால் மட்டுமே உலோகத்துக்கு நிறம் ஏற்றிக் காட்டினார்கள்.

முடிந்த கம்மலை விரலால் தொட்டால் நீலம் மாறித் தெரியும். பயப்படாதீர்கள், விரலின் எண்ணெய் இன்னொரு படலமாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். சோப்பில் கழுவினால் திரும்பிவிடும். மேலே ஏதாவது படிந்தால் நிறம் மாறும் இந்த குணம் உங்களுக்குத் தொல்லை; ஒளியை வைத்து நுண்ணிய பொருள்களைக் கண்டுபிடிக்கும் என் துறைக்கு அதுதான் வரம். பிஜப்பூர் கோல் கும்பஸில் சுவரோரம் கிசுகிசுத்தால், ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஓடி எதிர்ப்பக்கம் கேட்கும், சி.வி. ராமன் 1921இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஆராய்ந்ததும் இதைத்தான். அதேபோல, முடியின் தடிமனே உள்ள கண்ணாடி உருண்டைக்குள் ஒளியைச் சுற்றவிடலாம். ஒளி பல்லாயிரம் முறை சுற்றுவதால், உருண்டையின் மேல் மிகச் சிறு அளவில் ஏதாவது ஒட்டினாலும் உள்ளே சுற்றி நிற்கும் ஒளியின் நிறம் இம்மி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மோதிரத்துக்கு இந்த நீலம் வேண்டாம், உரசி உரசித் தேய்ந்துவிடும். கம்மலுக்கும் தொங்கட்டானுக்கும் தாங்கும்.