பரணில் பல வருஷம் கிடந்த பெட்ரோமாக்ஸை எப்படிச் சுத்தம் செய்வது?

பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லை, ஏறினாலும் மஞ்சளாகக் குப்பென்று எரிகிறது, அடுத்த வாரம் கொடைக்கானல் முகாமுக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் முதலில் மேண்டிலை, அதாவது சுடரில் ஒளிரும் வலையைத்தான் மாற்றுவார்கள். அதைக் கடைசியாகப் பாருங்கள். காற்றும் மண்ணெண்ணெயும் போகும் வழியிலேயே போனால் கோளாறு தானாகக் கையில் சிக்கும்: பம்ப், டேங்க், ஜெனரேட்டர் குழாய் (மண்ணெண்ணெய் சூடேறி ஆவியாகும் இடம்), நிப்பிள் (ஆவி பீறிடும் நுண்துளை முனை), பிறகு மேண்டில்.

காற்று ஏறாததற்கு முக்கால்வாசிக் காரணம் பம்ப் கம்பியின் நுனியில் இருக்கும் தோல் வாஷர். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். கழற்றி, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறப்போட்டு, ஓரத்தை விரலால் அகட்டிவிடுங்கள். கிண்ணம் போன்ற வாய்ப்பக்கம் டேங்கை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். ஊரில் தேங்காய் எண்ணெய் போதும். மலைக்குப் போவதால் தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள்; சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், தோலும் விறைத்துக்கொள்ளும். பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பினாலோ, பம்புக்குள் மண்ணெண்ணெய் வந்தாலோ தோலில் குற்றமில்லை. பம்பின் அடியில் உள்ள வால்வின் சிறு ரப்பர் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுங்கள்.

டேங்கில் 100 மில்லி புது மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். கொட்டுவது தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை செய்யலாம். பழைய எண்ணெயை எக்காரணம் கொண்டும் திரும்ப ஊற்றாதீர்கள். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கசிவைப் பார்க்க, எண்ணெய் இல்லாமல் காற்று மட்டும் அடித்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசியும் இடம். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது உயிருக்கு ஆபத்து.

வெளிப்புறம் வெறும் பித்தளையாக இருந்தால் புளியே போதும், தேய்த்தவுடன் நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். முலாம் பூசியதற்கு ஈரத்துணி மட்டும். அமோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். அழுத்தம் தாங்கும் பித்தளையில் அது மயிரிழை வெடிப்பை உண்டாக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

இனி மஞ்சள் சுடர். மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே மேலே வந்தால் மஞ்சளாகத்தான் எரியும். ஜெனரேட்டரைச் சூடாக்கும் ஸ்பிரிட் கிண்ணத்தை நிரப்பிப் பற்றவைத்து, முழுதும் எரிந்து தீரும் தறுவாயில்தான் எண்ணெயைத் திறக்க வேண்டும். குளிர் இடத்தில் ஒரு கிண்ணம் போதாது, இரண்டாவதும் எரியுங்கள். அணைந்து, கிண்ணம் ஆறிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். நன்றாகச் சூடாக்கியும் மஞ்சள் மாறாவிட்டால் நிப்பிளில் அடைப்பு அல்லது ஜெனரேட்டருக்குள் கரி. நிப்பிளைக் கழற்றும்போது கைச்சக்கரத்தைத் திருப்பி, துளைக்குள் ஏறி அதைச் சுத்தம் செய்யும் ஊசியைக் கீழே இறக்கிவிட்டுக் கழற்றுங்கள், மாட்டும்போதும் அப்படியே. ஊசி மேலே நிற்கையில் ஸ்பேனரைப் போட்டால் அது வளைந்துவிடும். துளையில் தையல் ஊசியையோ கம்பியையோ விடக்கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் எண்ணெய் அதிகமாக வந்து புகையும், அப்புறம் புது நிப்பிள்தான். ஜெனரேட்டரில் கரி கெட்டியாகப் படிந்திருந்தால் சுரண்டி மெனக்கெடுவதைவிடப் புதிது வாங்குவது மேல். பெரிய 500 கேண்டில் (வெளிச்ச அளவு) விளக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நிப்பிள் நுனிக்கும் மேலே உள்ள கலவைக் குழாயின் வாய்க்கும் ஏறத்தாழ 14 மி.மீ. இடைவெளி வேண்டும். அது மாறினால் காற்றுக் கலவை கெட்டு, எல்லாம் சுத்தமாக இருந்தும் வெளிச்சம் மங்கும்.

மேண்டிலைக் களிமண் நாசிலின் பள்ளத்தில் கட்டி, சுருக்கங்களைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி, மீதி நூலை வெட்டிவிடுங்கள். ஒரு தடவை எரிந்தபின் அது வெறும் சாம்பல் வலை, விரல் படக்கூடாது. சிறு ஓட்டை விழுந்தாலும் உடனே மாற்றுங்கள், ஓட்டை வழியாகப் பாயும் சுடர் கண்ணாடியில் ஒரே இடத்தில் பட்டு அதை உடைத்துவிடும். பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு. சாம்பலை ஊதாமல் ஈரக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். கண்ணாடியை ஆறிய பிறகே துடைக்க வேண்டும், சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல்தான்.

எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி முக்கால் டேங்க் மட்டும் ஊற்றுங்கள், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கலக்கக்கூடாது. கூடாரத்துக்குள் எரிக்கவே வேண்டாம்: தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். ஊர் திரும்பியதும் காற்றை இறக்கி, டேங்கைக் காலி செய்து, தோலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, காற்றுத் திருகைத் திறந்தபடியே பரணில் ஏற்றுங்கள்.