முதியவருக்குக் கதிர்வீச்சு: முதலில் எதைப் பரிசோதிக்க வேண்டும்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 79. தொண்டைப் புற்றுநோய்க்காக ஏழு வாரங்களில் 35 தவணை கதிர்வீச்சு தரத் தீர்மானித்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் சரியாகவே உள்ளன. இருந்தும் அவர் தாங்குவாரா என்ற பயம் எனக்கு இருக்கிறது. சிகிச்சைக்கு முன் 'முழு உடல் பரிசோதனை' செய்தே ஆக வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் ஓர் ஆய்வுக்கூடத்தைக் காட்டுகிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தந்தை தாங்குவாரா என்ற உங்கள் கேள்விக்கு அந்தத் தொகுப்பில் எத்தனை சோதனைகள் இருந்தாலும் விடை கிடைக்காது. வழிகாட்டியவருக்குத் தரகு வேண்டுமானால் கிடைக்கும். அதைவிட மோசமானது, அவற்றில் ஏதோ ஒன்று சற்றே பிசகியிருப்பதாகக் காட்டி, அதன் பின்னால் புதிய ஸ்கேன்களுக்கு அலையவிட்டு, தொடங்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போட வைப்பது. இதே நபர்கள் மூன்றாவது வாரத்தில் வைட்டமின் மாத்திரை, 'எதிர்ப்புசக்திப் பொடி' ஆகியவற்றுடன் திரும்பி வருவார்கள். வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு (ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரைகள் அதிக அளவில் கதிர்வீச்சின் பலனையே குறைக்கக்கூடும் என்பதால், சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அளக்க வேண்டியது அவருடைய அன்றாட வாழ்க்கையை. இதற்கென்றே 'ஜி8' என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இருக்கிறது: உணவு குறைந்திருக்கிறதா, மூன்று மாதங்களில் எடை இறங்கியதா, வெளியே நடமாடுகிறாரா, மறதியோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, மூன்றுக்கு மேல் மருந்துகள் உண்கிறாரா, தம் வயதினரோடு ஒப்பிட்டுத் தம் உடல்நலத்தை எப்படி மதிப்பிடுகிறார், வயது என்ன. மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முதியோர் நல மருத்துவரின் விரிவான மதிப்பீடு தேவை. மதிப்பெண் குறைந்தால் சிகிச்சை மறுக்கப்படும் என்று பொருளல்ல. எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே அதில் தெரியும். கதிர் விழும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பதற்கு நாள்கணக்கில் உழைக்கும் துறை, இந்த ஐந்து நிமிடக் கேள்விகளுக்கு நேரமில்லை என்று சொல்வதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து அவர் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கொண்டு இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் உண்ணும் எல்லா மருந்துகளையும், தூக்க மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொண்டை புண்ணாகி உணவும் நீரும் குறையும்போது, பழைய அளவிலேயே தொடரும் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அவரை மயங்கி விழச் செய்யலாம். தாடைப் பகுதியில் கதிர் பட்ட பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால் பல் மருத்துவரை இப்போதே பார்த்துவிடுங்கள்.

விரிவான மதிப்பீட்டில் வரும் நினைவாற்றல் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் குறைந்த மதிப்பெண் வந்தால் உடனே 'மறதி நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். காது மந்தமானவருக்கு அந்த மதிப்பெண் செல்லாது; மூன்று சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லக் கேட்கும் சோதனையில், காதில் விழாத சொல்லை அவர் எப்படி நினைவில் வைப்பார்? செவிக்கருவி இருந்தால் அணிவித்து, எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசி, சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று: கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாஸ்க்கைப் பூட்டும்போது செவிக்கருவியைக் கழற்றிவிடுவார்கள். கதிர்வீச்சின்போது அறையில் அவர் மட்டுமே இருப்பார். வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுவது அவருக்குக் கேட்காது. சொல்ல வேண்டியதைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடவும், தேவையென்றால் கையை உயர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைக்கவும் கதிரியக்கத் தொழில்நுட்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டைப் புற்றுநோயில் இடையில் நாள்கள் விடுபட்டால் பலன் குறையும். ஆகவே தினமும் யார் அழைத்துச் செல்வது என்பதையும் மருத்துவ மதிப்பீட்டின் பகுதியாகவே கருதுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். புண்ணும் சோர்வும் கடைசி வாரங்களிலும் சிகிச்சை முடிந்த பிறகு ஓரிரு வாரங்களிலும்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், துணைக்கு ஆள் ஏற்பாட்டை ஏழு வாரத்தோடு நிறுத்தாமல் பத்து வாரத்துக்குச் செய்துவையுங்கள்.